கதைமாந்தரும் கல்வெட்டும்

ஒரு கதையைக் கேட்டு மகிழ்வதோடு மனிதன் நின்றுவிடுவதில்லை. கதை முடிந்த பின்னும் அதன் மாந்தரோடு அவன் வழக்காடுகிறான். இவன் செய்தது முறையா, அவள் சொன்னது மெய்யா, இன்னாரைக் கொன்றவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீண்ட காலம் தொடர்ந்து வரும் கதையானால் இவ்வழக்கும் நீண்டுகொண்டே போகிறது. இத்தகைய வழக்குகளைச் சிலர் வீண் பொழுதுபோக்கு என்பர். அவை வீணா, அன்றி அவற்றால் மாணவர் பெறத்தக்க பயன் யாதேனும் உண்டா என்பதை, தமிழ் மக்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விடாது வழக்காடி வரும் ஒரு கதையை முன்வைத்து இன்று ஆராய்வோம்.

கதைமாந்தரை மன்றத்தில் நிறுத்தி விசாரிப்பது தமிழருக்குப் புதியதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலையிலேயே காணப்படுகிறது. அங்கே சமயவாதிகள் தத்தம் கொள்கையை நிறுவ வாதிட்டனர். பிற்காலத்தில் அவ்வாதம் காவிய மாந்தரை நோக்கித் திரும்பியது. இராமன் மறைந்து நின்று வாலியின் மேல் அம்பு எய்தது அறமா என்னும் வினாவுக்கு இன்றளவும் இரு பக்கத்தும் வழக்கறிஞர் உளர். 1939-ஆம் ஆண்டில் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பின்னர், இத்தகைய வாதங்கள் ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாப்போல் நிகழலாயின. படித்தவரும் படியாதவரும் ஒருங்கே அமர்ந்து, கைகேயியையும் கும்பகருணனையும் பக்கத்து வீட்டாரைப்போல் எண்ணி விவாதிக்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

அப்பழக்கம் வார இதழின் தொடர்கதைக்கும் பரவியது. கல்கி என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி தம் பெயரால் அமைந்த இதழில் 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரைத் தொடங்கி, 1954 மே மாதத்தில் நிறைவு செய்தார். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். மூன்றரை ஆண்டுக் காலம் ஒரு கதை வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்தது என்றால், அதன் மாந்தர் குடும்பத்தாருள் ஒருவராகிவிட்டதில் வியப்பில்லை. அத்தியாயங்களை இதழிலிருந்து பிரித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு சேர்த்துத் தைத்துக் கட்டி, புத்தகமாகப் பாதுகாத்த வீடுகள் தமிழகமெங்கும் இருந்தன. தாய் படித்த அதே கட்டுப் பிரதியை மகளும், பின்னர் பேத்தியும் படித்தனர்.

நம் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எண்ணிப் பாருங்கள். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று இருப்புப்பாதை நெடுகிலும் அலுவலகம் செல்வோரும் மாணாக்கரும் நிறைந்த புறநகர்கள் வளர்ந்தன. காலையும் மாலையும் இரயிலில் கழியும் ஒரு மணி நேரம், தொடர்கதை படிப்பதற்கென்றே அமைந்தது போன்ற நேரமன்றோ? ஆனால் இவ்வூர்களுக்கும் அக்கதைக்கும் உள்ள தொடர்பு அதனினும் ஆழமானது. கதையின் நடுவே கொலையுண்டு விழும் இளவரசன் ஆதித்த கரிகாலன், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டை மண்டலம் நம் மண்ணேயாகும். கதையின் தொடக்கத்தில் அவன் தன் துயரத்தை நண்பனிடம் கொட்டும் மாமல்லபுரமும் நமக்குத் தெற்கே கடற்கரையோரம் நிற்கிறது. எனவே இவ்வழக்கு ஒரு வகையில் நம் ஊர் வழக்கு.

கதை முடிந்ததும் வாசகர் ஓய்ந்தாரில்லை. குந்தவையும் வந்தியத்தேவனும் மணம் புரிந்துகொண்டார்களா? நந்தினி பின்னர் என்ன ஆனாள்? இவை போன்ற வினாக்களைத் தொடுத்தனர். இதனால் கல்கி தம் நாவலுக்கு ஒரு முடிவுரை எழுதி, அவ்வினாக்களுள் பலவற்றுக்கு விடை கூற வேண்டியதாயிற்று. முற்றும் என்று எழுதிய பின்னரும் வாசகருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் கடமை ஆசிரியருக்கு நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கி மறைந்தார். விடை சொல்ல ஆசிரியர் இல்லாது போனமையால், எஞ்சிய ஐயங்கள் வாசகர்க்கே உரிய சொத்தாயின.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. ஆங்கில நாட்டில் கானன் டாயில் 1893-ஆம் ஆண்டில் தம் துப்பறிவாளன் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் விழுந்து மடிந்ததாக எழுதினார். வாசகர் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1903-ஆம் ஆண்டில் அவனை உயிரோடு மீட்டுக்கொண்டுவர நேர்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளிக் கதை நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, அதன் அன்பர்கள் கடிதங்களைக் குவித்து அதற்கு மேலும் ஓராண்டு வாழ்வு தேடித் தந்தனர். அக்கப்பலின் தலைவன் எடுத்த முடிவு சரியா, எந்த வாரக் கதை சிறந்தது என்று அவ்வன்பர் இன்றும் வாதிடுகின்றனர். நம் நாட்டில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கும் அத்தகைய அன்பர் உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத்தில் இருத்த வேண்டும். விண்வெளிக் கப்பலின் தலைவனும் இயந்திர நாயும் ஆசிரியரின் கற்பனையில் மட்டுமே வாழ்பவர். அவர்களைப் பற்றிய வழக்குக்குக் கதைதான் ஒரே சான்று. பொன்னியின் செல்வனின் நிலை அதுவன்று. அதன் மாந்தருள் ஒரு பகுதியினர் இம்மண்ணில் வாழ்ந்து மறைந்தவர். கல்லிலும் செம்பிலும் பெயர் பொறிக்கப்பெற்றவர். மற்றொரு பகுதியினர் கல்கியின் உள்ளத்தில் மட்டும் பிறந்தவர். இருவரும் ஒரே அரண்மனையில் உலவி, ஒரே மொழியில் உரையாடுகின்றனர். யார் எவர் என்று கதை நமக்கு அறிவிப்பதில்லை. இங்கேதான் வாசகரின் வழக்கு, வரலாற்றுப் பயிற்சியாக மாறத் தொடங்குகிறது.

சுந்தர சோழர், செம்பியன் மாதேவியார், குந்தவை, அருள்மொழி ஆகியோர் வரலாற்று மாந்தர். பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர் குலத்தையும் கல்வெட்டுகள் அறியும். அமைச்சர் அநிருத்தர் அன்பில் செப்பேட்டால் அறியப்படுபவர். நாவலின் உயிரான வந்தியத்தேவனோ, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக நமக்கு அறிமுகமாகிறார். அவரைப் பற்றி வரலாறு சொல்வது மிகச் சில சொற்களே. குதிரையேறி வீரநாராயண ஏரிக்கரையில் வரும் குறும்புக்கார இளைஞனைப் படைத்தவர் கல்கி. நந்தினி, பூங்குழலி, ஊமை ராணி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை ஆகியோருக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. பழுவூர் இளையராணியின் அழகும் வஞ்சமும் எத்துணை மெய்யாகத் தோன்றினும், அவள் ஒரு நாவலாசிரியரின் மகளே.

இனி வழக்குகளுள் தலையாயதை எடுத்துக்கொள்வோம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்?

நாவலில் அக்கொலை கடம்பூர் மாளிகையில் நிகழ்கிறது. விளக்கு அணைகிறது, இருள் சூழ்கிறது, கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து, அவன் சிறைப்படுகிறான். பின்னர்ப் பெரிய பழுவேட்டரையர், தாம் எறிந்த கத்தியே அதற்குக் காரணம் என்று கூறிப் பழியைத் தம் தலையில் ஏற்கிறார். அவர் கூறியது முழு உண்மையா? குற்றமற்ற இளைஞனைக் காக்கச் செய்த தியாகமா? பழிவாங்கச் சூளுரைத்த நந்தினியின் கை அதில் இல்லையா? பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் எங்கே நின்றனர்? அன்றி, வாழ்வில் வெறுப்புற்ற கரிகாலன் தானே சாவைத் தேடிக்கொண்டானா? ஒவ்வொரு கட்சிக்கும் நாவலிலேயே இடம் உண்டு. கல்கி விளக்கை அணைத்தது கதையின் பொருட்டு மட்டுமன்று. வரலாறு விளக்கேற்றி வைக்காத இடத்தில் தாமும் இருளை விட்டுவைத்தார் என்றே கொள்ளலாம்.

வரலாற்றுச் சான்றுதான் என்ன? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள சிவன் கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. அது முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 1920-ஆம் ஆண்டில் அதனைக் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் என்று சிலரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது: சோமன், அவன் உடன்பிறந்தான் இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர். இரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராசன் என்னும் உயர் பட்டம் தாங்கிய அரசு அலுவலர். அவர்களுக்கும் அவர்தம் உறவினர்க்கும் உரிய உடைமைகள் அரசால் பறிக்கப்பட்ட செய்தியும், அந்நிலம் கைமாறிய செய்தியும் அதில் உள்ளன. நாவலில் மந்திரவாதி இரவிதாசனாக நம்மை அச்சுறுத்துபவன், இக்கல்வெட்டிலிருந்து எழுந்து வந்தவனே.

கொன்றவர் பெயரைக் கல் சொல்கிறது. ஏன் கொன்றனர் என்பதைச் சொல்லவில்லை. அவர்களைப் பின்னின்று ஏவியவர் உண்டா என்பதையும் சொல்லவில்லை. இவ்விடத்தில் அறிஞரிடையே பிளவு நேர்ந்தது. கரிகாலன் இறந்தது ஏறத்தாழ 970-ஆம் ஆண்டு. அதன் பின் உத்தம சோழர் அரசாண்டார். 985-ஆம் ஆண்டில் இராசராசன் அரியணை ஏறினான். தண்டனை பற்றிய செய்தி இராசராசன் காலத்துக் கல்வெட்டில்தான் கிடைக்கிறது. ஆதலால் இடைப்பட்ட ஆண்டுகளில் உத்தம சோழர் வாளாவிருந்தது ஏன் என்று வினவி, அவர் மீது ஐயம் கொண்டார் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. உத்தம சோழரின் மகனான மதுராந்தகன் கண்டராதித்தனை இராசராசன் தன் ஆட்சியில் கோயில்களைக் கண்காணிக்கும் உயர்பணியில் அமர்த்தி மதித்தான். தன் தமையனைக் கொன்றவரின் மகனுக்கு ஓர் அரசன் அத்தகைய மதிப்பை அளிப்பானா என்பது ஐயத்தை மறுப்போர் எழுப்பும் வினா. பிற்காலத்து ஆய்வாளர் அக்கல்வெட்டை மீண்டும் வாசித்து, உடைமை பறிக்கப்பட்ட காலமும் அந்நிலம் விற்கப்பட்ட காலமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமோ என்றும் கேட்டனர். இக்கேள்வி நியாயமானதே. பறிமுதல் முன்னரே நிகழ்ந்து, நில விற்பனை மட்டும் பின்னர் பதியப்பட்டிருப்பின், உத்தம சோழர் மீதுள்ள ஐயத்தின் அடிப்படையே தளர்ந்துவிடும்.

மாணவ நண்பர்களே, இவ்விரு விசாரணைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடம்பூர் மாளிகையில் நிகழ்ந்ததைப் பற்றி வாதிடுவோர் நாவலின் சொற்களைச் சான்றாகக் காட்டுகின்றனர். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி வாதிடுவோர் கல்லின் சொற்களைச் சான்றாகக் காட்டுகின்றனர். முன்னதில் நந்தினியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். பின்னதில் அவளுக்கு இடமே இல்லை. இரண்டு மன்றங்களும் தனித்தனி. ஒன்றின் சாட்சியை மற்றொன்றில் ஏற்றினால் வழக்கு குழம்பும்.

அக்குழப்பத்தால் என்ன கேடு என்று கேட்கலாம். உத்தம சோழர் ஒரு காலத்தில் உயிரோடு வாழ்ந்த மனிதர். செம்பியன் மாதேவியார் என்னும் பெருமாட்டியின் மகன். சுமார் பதினைந்து ஆண்டுகள் நாடாண்டவர். இன்று அவர் எழுந்து வந்து தம் பக்கத்தை எடுத்துரைக்க இயலாது. போதிய சான்றின்றிக் கொலைப்பழி சுமத்துவது உயிரோடிருப்பவர்க்கு இழைக்கும் தீங்காயின், இறந்தவர்க்கும் தீங்கே. கல்கி இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு நாவலே சான்று. அவர் கதையில் முன்னர் மதுராந்தகன் எனப்பட்டவன் வேறு, பின்னர் உத்தம சோழராக முடிசூடுபவன் வேறு. பூமாலை தொடுத்துக் கோயிலுக்குத் தொண்டு செய்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியாரின் மெய்யான மகன் என்று அவர் கதையை அமைத்தார். சதியின் கறை படிந்தவனை விலக்கி, கறையற்ற ஒருவனிடம் மணிமகுடத்தை அளித்தார். அருள்மொழி தன் சிற்றப்பனின் விருப்பத்தை மதித்து அரசுரிமையை விட்டுக்கொடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும் செய்தியோடும் இது இசைந்தது. இந்த ஆள்மாறாட்டம் வரலாறன்று. ஆயின் வரலாற்றின் ஐயத்துக்கு ஒரு நாவலாசிரியர் கண்ட பண்பான விடை.

நம் தொண்டை மண்டலத்தோடு நெருங்கிய மற்றொரு வழக்கும் உண்டு. நாவலில் கரிகாலனின் உற்ற நண்பனாக வருபவன் பார்த்திபேந்திர பல்லவன். இப்பெயரும் கல்வெட்டில் உள்ளதே. பார்த்திவேந்திரவர்மன் என்னும் பெயரில் உத்தரமேரூர் முதலிய இடங்களில் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. வீரபாண்டியன் தலைகொண்டவன் என்னும் சிறப்பு அவனுக்கும் தரப்படுகிறது. அச்சிறப்பு ஆதித்த கரிகாலனுக்கு உரியதாகையால், இருவரும் ஒருவரே என்றனர் சில அறிஞர். இல்லை, அவன் பாண்டியப் போரில் பங்கு கொண்ட வேறொரு தலைவன் என்றனர் வேறு சிலர். கல்கி இரண்டாம் கட்சியைத் தழுவி, அவனைத் தனி மனிதனாக்கிக் கரிகாலன் அருகில் நிறுத்தினார். மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருவரும் உரையாடும் காட்சியைப் படிக்கும் வாசகர், அறிஞர்களின் ஒரு பெரும் விவாதத்தில் தாமறியாமலே ஒரு பக்கம் சார்ந்துவிடுகின்றனர். நாவலின் வலிமை இத்தகையது. நாம் விழிப்போடிருக்க வேண்டியதும் இதனாலேயே.

கல்கி விட்டுச் சென்ற கதையைப் பிறர் தொடர்ந்தனர். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை அதன் தொடர்ச்சியாக எழுதினார். பாலகுமாரன் ‘உடையா’ரில் இராசராசன் காலத்தை வேறு கண்ணோட்டத்தில் நோக்கினார். மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைப்படம் வெளிவந்தபோது, பழைய வழக்குகள் புதிய இளைஞரிடையே மீண்டும் உயிர்பெற்றன. சேந்தன் அமுதனின் ஆள்மாறாட்டம் திரையில் இல்லை. மதுராந்தகரே உத்தம சோழராக முடிசூடுகிறார். நாவலில் உள்ளதை மாற்றலாமா என்று ஒரு சாராரும், திரைக்கு வேண்டிய சுருக்கமே அது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். நாவலை அளவுகோலாகக் கொண்டால் அம்மாற்றம் பெரிது. ஆயின் வரலாற்றை அளவுகோலாகக் கொண்டால், மாற்றியவர் முதலில் கல்கியே ஆவார்! எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கிறோம் என்பதை முதலில் கூறிவிட்டால், வாதத்தில் பாதி அடங்கிவிடும்.

ஆகவே, கதைமாந்தரைப் பற்றி வாதிடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக வாதிடுங்கள். நாவலை மட்டும் சான்றாகக் கொண்டு நந்தினிக்காக வழக்காடும் மாணவி, ஒரு நூலை ஊன்றிப் படிக்கும் கலையைக் கற்கிறாள். கல்வெட்டைச் சான்றாகக் கொண்டு உத்தம சோழருக்காக வழக்காடும் மாணவன், சான்றை எடைபோடும் கலையைக் கற்கிறான். இரண்டும் வேண்டுவனவே. ஆனால் வாதத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். இச்செய்தி எனக்கு நாவலிலிருந்து கிடைத்ததா, திரைப்படத்திலிருந்து கிடைத்ததா, கல்லிலிருந்து கிடைத்ததா? அதனைச் சொன்னவர் எக்காலத்தவர்? அவர் சொல்லாது விட்டதை நான் இட்டு நிரப்புகிறேனா?

இப்பயிற்சிக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தாம்பரத்துக்கு அருகே திரிசூலத்துச் சிவன் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. செங்கல்பட்டைக் கடந்து சென்றால் உத்தரமேரூரில், குடவோலை முறையைக் கூறும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளையும், நாம் கண்ட பார்த்திவேந்திரவர்மனின் பெயரையும் ஒரே ஊரில் காணலாம். ஒரு விடுமுறை நாளில் நாவலின் முதற்பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவ்வூருக்குச் செல்லுங்கள். ஒரு பக்கம் கல்கியின் எழுத்து. மறுபக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உளியின் எழுத்து. முன்னது நம்மை மகிழ்விக்கும். பின்னது நாம் கேட்பவற்றுள் சிலவற்றுக்கே விடை தரும். மற்றவற்றுக்கு மௌனம் காக்கும். அந்த மௌனத்தை மதித்துப் பேசக் கற்றவனே வரலாற்று மாணவன் என்னும் பெயருக்கு உரியவன்.